முன்னாடியே கூப்பிட்டிருக்கலாம்: எங்கள் பக்கத்து வலி தணிப்பு அறக்கட்டளையின் வீட்டுச் சேவை

அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. கடைசி ஒன்பது வாரமும் வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்ட ஒரு சின்ன அறக்கட்டளையைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், கை வரவில்லை. பெயர் போடப் போவதில்லை, அது அவர்களே கேட்டுக்கொண்டது. இரண்டு நர்ஸ், வாரத்தில் மூன்று நாள் வரும் ஒரு டாக்டர், ஒரு பழைய வேன், இவ்வளவுதான் அவர்களிடம் இருக்கிறது. திடீரென்று நூறு போன் வந்தால் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிற வீடுகளுக்குப் போக முடியாமல் ஆகிவிடும் என்றார்கள், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர் கிராம சுகாதார நர்ஸிடம் கேளுங்கள், எங்களுக்கும் நம்பர் கிடைத்தது வீடு தேடி வரும் சுகாதார ஊழியரிடமிருந்துதான். ஐந்துக்கு எத்தனை என்றால் நாலரை போடுவேன். அரை ஏன் குறைந்தது என்பதையும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. சென்னிமலைப் பக்கத்தில் வீடு, போர்வைத் தறிக்கு நூல் தார் சுற்றியே எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் மார்பில் கட்டி, கோயமுத்தூரில் ஆபரேஷன், கீமோ, எல்லாம் முடிந்து இரண்டு வருடம் நன்றாகவே இருந்தார், கிருத்திகைக்குக் கிருத்திகை மலை ஏறாவிட்டாலும் அடிவாரம் வரை போய்க் கும்பிட்டு வருவார். போன ஆவணியில் முதுகு வலி என்றார். தார் சுற்றின முதுகு, வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று தைலம் தேய்த்தோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் மூன்று இடத்தில் பரவியிருந்தது, ஆபரேஷன் செய்த இடத்திலும் புண் வெடித்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த பெரிய மருத்துவமனையில், பெயர் வேண்டாம், "இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்லைங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பார்த்துக்கங்க" என்று ஒரு சீட்டில் மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த டாக்டர் கெட்டவர் இல்லை, தணிவாகத்தான் சொன்னார். ஆனால் நல்லாப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

அப்புறம் இரண்டு மாதம். அதைப் பற்றி நிறைய எழுத மனம் வரவில்லை, ஆனால் கொஞ்சமாவது சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். மூன்று மாத்திரையில் ஒன்று பாரசிட்டமால், அது அந்த வலிக்கு எம்மாத்திரம்? அம்மா ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார், படுத்தால் முதுகு விடாது. சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். புண்ணில் நாற்றம் வர ஆரம்பித்தது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு இருந்து துணி மாற்றுவேன், மற்ற நாள் தம்பி மனைவி. தீபாவளிக்கு வந்த ஒறம்பரை எல்லாம் வாசலிலேயே நின்று "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்கள், ஒருவரும் அறைக்குள் வரவில்லை. நாங்கள் ஊதுபத்தி கொளுத்தி வைத்தோம். அம்மா அதைப் பார்த்து, "எனக்கு முன்னாடியே ஊதுபத்தி ஏத்திட்டீங்களா கண்ணு" என்றார். அன்றைக்கு நான் கிணற்றடியில் போய் அழுதேன்.

நம்பர் கொடுத்தது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொடுக்க வரும் அக்கா. இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, பிரஷர் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வரும் என்பது வரை எல்லோருக்கும் தெரியும், அதிலேயே படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சையும் உண்டு என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அந்த அக்காதான் அம்மாவைப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டினார், "இப்படி வெச்சிருக்கறீங்களே, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா" என்று. அரசு டீமிடமும் சொல்கிறேன், இந்த அறக்கட்டளைக்கும் போன் போடுங்கள் என்று நம்பர் எழுதிக் கொடுத்தார். தம்பி போடவில்லை. ஒரு வாரம் அந்தத் துண்டுச்சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. "அவங்களக் கூப்புட்டா அம்மா போறதுக்கு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமக்கா" என்றான். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன், எனக்கும் மனசுக்குள் அதேதான் ஓடியது. ஆனால் அந்த ஒரு வாரமும், அதற்கு முந்தைய இரண்டு மாதமும் அம்மா பட்ட வலியில் பெரும்பகுதி படவேண்டியதே இல்லாத வலி. இந்த விமர்சனத்தை எழுதுவதே இதைச் சொல்லத்தான்.

முதல் நாள் டாக்டர், ஒரு நர்ஸ், அறுபது வயசுக்கு மேல் இருக்கும் ஒரு தன்னார்வலர், மூன்று பேரும் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அறைக்குள் போனார்கள், மூக்கைப் பிடிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. நர்ஸ் பொண்ணு கட்டிலிலேயே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்காத்தா, ஒரு ரூவாய்க்கு எத்தனையணா வலிக்குதுங்க?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டபோது அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவைப்பார். அணா என்றதும் புரிந்துவிட்டது. "பதினெட்டணா கண்ணு" என்றார். ரூபாய்க்குப் பதினாறணாதான். நர்ஸ் சிரிக்கவில்லை, பதினெட்டு என்றே எழுதிக்கொண்டாள்.

ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தார்கள். எந்த மருத்துவமனையிலும் எங்களுக்கு ஒரு டாக்டர் பத்து நிமிடம் கொடுத்ததில்லை. புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து மேலே தூவிக் கட்டினார்கள், எப்படிக் கட்டுவது என்று தம்பி மனைவியைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரை அது, சில ரூபாய்தான். புண்ணில் நாற்றத்தை உண்டாக்கும் கிருமியை அது கொல்கிறது என்று விளக்கினார் டாக்டர். ஐந்தாவது நாள் அறையில் நாற்றம் இல்லை. ஐந்து நாள்! இரண்டு மாதம் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் என் சின்ன மாமியார் வந்து கட்டிலில் உட்கார்ந்து அம்மாவோடு வெற்றிலை போட்டுக்கொண்டு பேசினார், அம்மாவின் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்பது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மார்ஃபின் என்கிற வலி மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னதும் தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். போதை மருந்து, பழகிவிடும், மூச்சு நின்றுவிடும், கடைசியில் கொடுப்பது, இப்படித்தானே கேள்விப்பட்டிருக்கிறோம். டாக்டர் அவனைத் திண்ணைக்கே தேடிப் போய் உட்கார்ந்து பேசினார். அம்மாவுக்கு எழுதியது 10 மில்லிகிராம் மாத்திரை, காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரண்டு, நடு ராத்திரி எழுப்ப வேண்டியதில்லை. வலி வந்த பிறகு கொடுக்கக் கூடாது, வருவதற்கு முன்னாலேயே மணி தவறாமல் கொடுக்க வேண்டும், இதுதான் சூட்சுமம். வாய் வழியாக, கடிகாரம் பார்த்து, படிப்படியாக என்பது உலக சுகாதார நிறுவனம் 1986லேயே சொல்லிவைத்த முறை. முதல் மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், தானாகப் போய்விடும், மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது, அதற்குத் தினமும் ராத்திரி தனி மாத்திரை கட்டாயம் என்றார். சொன்னபடியே நடந்தது. (இது அம்மாவுக்கு எழுதின அளவு, இதைப் பார்த்து நீங்களாக ஒன்றும் கொடுத்துவிடாதீர்கள்.) நாலாம் நாள் நர்ஸ் வந்து கேட்டபோது அம்மா "நாலணா" என்றார். ராத்திரி படுத்துத் தூங்கினார். தம்பி இரண்டு தடவை எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்திருக்கிறான், குறட்டைதான் வந்தது.

இவ்வளவு சாதாரண மாத்திரை ஏன் முன்னால் எங்களுக்குக் கிடைக்கவில்லை? திரும்பிப் போய்க் கேட்டேன், படித்தும் பார்த்தேன், கோபம்தான் வந்தது. நம் நாட்டில்தான் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் மார்ஃபின் எடுக்கிற அபினிச் செடி அரசாங்க உரிமத்தோடு விளைகிறது, காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசாங்கத் தொழிற்சாலையே இருக்கிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. ஆனால் 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைக்க ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கி நாலைந்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது, ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகும். யார் இந்தத் தலைவலியை இழுத்துக்கொள்வார்கள்? பெரும்பாலான இடங்களில் வைப்பதையே விட்டுவிட்டார்கள், அந்த மாத்திரையை எழுதிப் பழக்கமே இல்லாமல் ஒரு தலைமுறை டாக்டர்கள் படித்து வெளியே வந்தார்கள். 2014ல்தான் சட்டத்தைத் திருத்தி ஒரே அனுமதி போதும் என்று ஆக்கினார்கள். சட்டம் மாறிவிட்டது, பயம் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவர்கள் வந்தால் சிகிச்சையைக் கைவிடுவது என்று நினைத்தோம் அல்லவா, இரண்டாவது வாரமே டாக்டர் அம்மாவை முதுகெலும்புக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுக்க அனுப்பினார். பத்து நாள், பதினைந்து நாள் அலைய வேண்டாம், எலும்பு வலிக்கு ஒரு நாள் கொடுப்பதே போதும், காலில் சக்தி போகாமல் தள்ளிப் போடவும் பார்க்கலாம் என்றார். இது பெரிய மருத்துவமனையிலேயே செய்திருக்கக் கூடியதுதான். அதற்குப் பிறகு அம்மா இரண்டு பேர் பிடித்தால் எழுந்து திண்ணை வரை நடந்தார்.

திண்ணையில்தான் அந்தத் தன்னார்வலரிடம் இந்த அறக்கட்டளையின் கதையைக் கேட்டேன். ஓய்வு பெற்ற வாத்தியார், எல்லோரும் வாத்தியாரய்யா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் மனைவி வலியோடு போனவர், அப்போது இப்படி ஒன்று இங்கே இல்லை. அவர் கதையை லண்டனிலிருந்து ஆரம்பித்தார். சிசிலி சாண்டர்ஸ் என்று ஒரு பெண், முதலில் நர்ஸ், முதுகு கெட்டுப்போனதால் மருத்துவமனையில் சமூகப் பணியாளர், அப்புறம் முப்பது வயசுக்கு மேல் படித்து டாக்டர். 1948ல் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்கிற போலந்து அகதி, சொந்தம் பந்தம் யாரும் இல்லாதவர், சாகப் போகிறவர்களுக்கென்று சிசிலி கட்ட நினைத்த வீட்டுக்காக, உன் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்று 500 பவுண்ட் எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த வீடு கட்டித் திறக்க 19 வருடம் ஆனது, 1967ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், கடைசிக் காலத்தில் இருக்கிற நோயாளிகளை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கெல்லாம் அதுதான் முன்மாதிரி. வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசு, குடும்பம், காசு, சாமி எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்று சொன்னவரும் அவர்தான். இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் 1986ல் மும்பையில், சாந்தி அவேதனா சதன்.

ஆனால் எங்கள் பக்கத்துக்கு இது வந்தது மும்பையிலிருந்து இல்லை, வாளையார் தாண்டிக் கேரளாவிலிருந்து. 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் இன்னும் சிலர் சேர்ந்து ஒரு சின்ன அறையில் வலிக்கென்று ஒரு கிளினிக் ஆரம்பித்தார்கள். வலி இருக்கிறவர் பஸ் ஏறி வர முடியாது, நாம்தான் போக வேண்டும் என்று அவர்கள் வெளியே கிளம்பியது பெரிய திருப்பம். பிறகு மலப்புரத்தில் டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், மாணவர் என்று ஊர்க்காரர்களே சில நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, தினம் சில்லறை சேர்த்து, தங்கள் தெரு நோயாளியைத் தாங்களே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். 2008ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. எங்கள் அறக்கட்டளை டாக்டர் கோழிக்கோட்டுக்குப் போய் ஆறு வாரம் பயிற்சி எடுத்தவர். திரும்பி வந்து, ஓடாமல் கிடந்த ஒரு அரிசி மில்லின் குடோனை வாடகை இல்லாமல் வாங்கி, யாரோ விற்க வைத்திருந்த ஆம்னி வேனைக் கேட்டு வாங்கி ஆரம்பித்திருக்கிறார். முதல் வருடம் வேனைப் பார்த்தாலே கதவைச் சாத்துவார்களாம், சாவு வண்டி என்று பெயர் வைத்திருந்தார்களாம். இப்போது அதே குடோனில் ஆறு கட்டில் இருக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாதவர்களுக்கு மட்டும்.

வாத்தியாரய்யா சொன்ன ஒன்று மனதில் தைத்துவிட்டது. நம் கொங்கு நாட்டில் கொடுக்கிற கைக்குப் பஞ்சமில்லை. கல்யாண மண்டபம் கட்டுகிறோம், பள்ளிக்கூடம் கட்டுகிறோம், கும்பாபிஷேகம் என்றால் கணக்கே பார்ப்பதில்லை, எரிவாயு தகன மேடை கட்டுவதற்குக்கூட ஊர் ஊருக்கு நன்கொடை கொட்டுகிறார்கள், சுற்றிப் பூந்தோட்டம், குளிக்க வெந்நீர். கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் பெரிய பெரிய ஆஸ்பத்திரி. "ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவுல ஆறு மாசம் இருக்குதே அம்மிணி, அதுக்கு மட்டும் நம்மகிட்ட ஒரு கட்டடம் இல்லீங்களே" என்றார். பெருந்துறையில் அந்தக் காலத்தில் காசநோய்க்காரர்களுக்கென்று சானடோரியம் கட்டினவர்கள் இருந்த ஊர் இது, இன்றைக்கும் அந்த இடத்தின் பெயர் சானடோரியம்தான். வீட்டில் சேர்க்கத் தயங்கின நோய்க்காரர்களுக்கு இடம் கொடுத்த மண் இது, அதனால்தான் இங்கேயே ஆரம்பித்தோம் என்றார். இதை அவர் பெருமையாகச் சொன்னார், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் நடந்தது. அம்மாவிடம் நோய் திரும்பியதைச் சொல்லக் கூடாது என்று தம்பி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தான், முதுகில் ரத்தக்கட்டு என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். நர்ஸ் பொண்ணு சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, நானாகச் சொல்ல மாட்டேன், அவங்க கேட்டாப் பொய் சொல்ல மாட்டேன் என்றாள். மூன்றாவது வாரம் அம்மாவே அவளிடம், "எனக்குத் தெரியுங் கண்ணு, பையன்கிட்டச் சொல்லீராத, அவன் தாங்க மாட்டான்" என்றிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே பொய். அவள் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டுதான் ஒரு நாள் சாயங்காலம் உட்கார வைத்தாள், அவள் பேசவே இல்லை, தம்பி அம்மா மடியில் தலை வைத்து அழுதான். அதற்குப் பிறகுதான் அம்மா பேச வேண்டியதையெல்லாம் பேசினார்: காதுத்தோடு யாருக்கு, பால் மாட்டை விற்க வேண்டாம், தன்னை எந்தச் சேலை கட்டி எடுத்துப் போக வேண்டும், எல்லாம். சேலை விஷயத்தில் என் தேர்வை மறுத்துவிட்டார், கத்தரிப்பூ நிறம்தான் வேண்டுமாம்.

சரி, குறைகள். ஒன்று, ராத்திரி வர மாட்டார்கள். சாயங்காலம் ஆறுக்கு மேல் போன் மட்டும்தான், அதுவும் ஒரே போன். மார்கழியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, நாற்பது நிமிடம் போன் எடுக்கவில்லை, அந்த நாற்பது நிமிடத்தை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். எடுத்த பிறகு நர்ஸ் நிதானமாகச் சொன்னாள், தலைப்பக்கத்தைத் தூக்கி வையுங்கள், ஜன்னலைத் திறந்து விசிறியை முகத்துக்கு நேராக வையுங்கள், பத்து மணி மாத்திரை கொடுத்தாச்சா, இன்னொரு அரை மாத்திரை கொடுங்கள் என்று. விசிறிக் காற்று முகத்தில் பட்டதும் பாதி அடங்கியது, அது எங்களுக்குத் தெரிந்திருந்தால் போனே தேவைப்பட்டிருக்காது. முதல் வாரத்திலேயே ராத்திரி என்னென்ன வரலாம், வந்தால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அதை அவர்களிடமே சொன்னேன்.

இரண்டு, புதிதாக வந்த ஒரு தன்னார்வலர் அம்மாவிடம் "போன ஜென்மத்து வினைங்க, அனுபவிச்சுத்தான் தீரணும்" என்றார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வாத்தியாரய்யாவுக்குப் போன் செய்து கத்தினேன். அவர் சமாதானம் சொல்லவில்லை, அடுத்த நாளே அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார், அவர் அம்மாவிடம் நேராக மன்னிப்பு கேட்டார், அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நல்ல மனசோடு வருகிற எல்லோரையும் நோயாளி பக்கத்தில் உட்கார வைக்க முடியாது, பயிற்சி முடியாதவரைத் தனியாகப் பேச விட்டது தப்பு. இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த அரை.

காசு. ஒரு பைசா வாங்கவில்லை. மாத்திரை, பஞ்சு, கட்டுத் துணி, காற்று மெத்தை, கமோடு நாற்காலி எல்லாம் அவர்கள் கொடுத்தது. தம்பி ஒரு நாள் கவரில் வைத்து நீட்டினான், டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இப்பக் குடுத்தா நாளைக்கு நாங்க வல்லீன்னா உங்களுக்குக் கேக்க வாய் வராதுங்க. காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் போகட்டும், மனசிருந்தாக் குடுங்க" என்றார். செலவுக்கு எப்படி என்றால், ஊர்க் கடைகளில் வைத்த உண்டியல், சில தறிக்காரர்கள், சில பனியன் கம்பெனிகள், பிள்ளைகள் பிறந்த நாளுக்கு ஒரு நாள் வேன் டீசல் போடுகிறவர்கள். எங்கள் கம்பெனியில் இப்போது நான் ஒரு உண்டியல் வைத்திருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு அம்மா இருந்தார். தேர் பார்க்க வேண்டும் என்று ஆசை, கூட்டத்தில் முடியாது. வாத்தியாரய்யா வேனைப் பூசத்துக்கு முந்தின நாள் விடியக்காலை கொண்டுவந்து, அம்மாவைப் படுக்க வைத்து, ரத வீதியில் அலங்காரம் முடிந்து நின்ற தேருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அங்கிருந்து மலையும் தெரியும். 1320 படியையும் எத்தனையோ தடவை ஏறினவர், படுத்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்தார். வீட்டுக்கு வந்ததும் சந்தகை வேண்டும் என்றார், தேங்காய்ப்பாலில் நன்றாக ஊற வைத்து இரண்டு வாய் ஊட்டினோம். நர்ஸைக் கேட்டபோது, "கேக்கறதக் குடுங்க, சாப்புடற அளவுதான் கணக்கு" என்று சொல்லியிருந்தாள். அதற்கு எட்டாம் நாள், மதியம் இரண்டு மணி மாத்திரைக்கு எழுப்பப் போனபோது மூச்சு நீளமாக விட்டு விட்டு வந்தது. இப்படித்தான் வரும், பயப்படாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள் என்று போன வாரமே சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்திருந்தோம். நாலு மணிக்கு முடிந்தது. முகத்தில் வலி இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அடுத்த நாள் நர்ஸ் பொண்ணு வந்தாள். மீதியிருந்த மார்ஃபின் மாத்திரைகளை என் முன்னாலேயே எண்ணினாள், 23, பதிவேட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். தூங்கறீங்களா, சாப்பிடறீங்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டாள், தம்பி மனைவியிடம் மட்டும் தனியாக வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தாள், புண்ணுக்குக் கட்டுப் போட்டது முழுக்க அவள்தானே. அரிசிம்பருப்பு சாதம் போட்டோம், சாப்பிட்டாள். காற்று மெத்தையை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்கத் தயங்கியது தெரிந்தது. வெள்ளோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு தாத்தாவுக்குப் படுக்கைப் புண் வர ஆரம்பித்திருக்கிறதாம். தம்பி எழுந்துபோய் மெத்தையைத் துடைத்து மடித்து, துணி ஏற்றும் மினி ஆட்டோவில் வைத்துக்கொண்டு, "வீடு எங்கீங்க, வழி சொல்லுங்க" என்று அவளையும் ஏற்றிக்கொண்டு போனான்.